நல்ல நாளில் நிறுத்துவது: நீண்ட அழுத்தம் தந்த களைப்பிலிருந்து நான் மீண்ட விதம்

நான் மெய்ப்புத் திருத்துபவள். ‘அரை’க்கும் ‘அறை’க்கும், ‘பனி’க்கும் ‘பணி’க்கும் உள்ள வேறுபாட்டை என் கண் தானாகப் பிடித்துவிடும். பதினெட்டு வருடப் பழக்கம் அது. ஒருநாள் மதியம் ஒரு நாவலின் மூன்றாவது பக்கத்தில் ‘பணி பொழியும் காலை’ என்று அச்சாகியிருந்தது. ஏதோ தவறு என்று தெரிந்தது. எது சரி என்பது மட்டும் வரவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அந்த ஒரு வரியை நாலைந்து முறை படித்தேன். பிறகு மேசையில் தலை வைத்துப் படுத்துவிட்டேன்.

அப்பா இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்த நேரம் அது. பக்கவாதத்துக்குப் பிறகு நான்கு வருடம் அவரை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டேன். அந்த நான்கு வருடமும் பகலில் அவருக்கான வேலை, இரவில் மெய்ப்பு என்று ஓடிக்கொண்டே இருந்தேன். படுத்துக் கிடந்த நாள் என்று ஒன்றுகூட நினைவில் இல்லை. எல்லாம் முடிந்து, இனிமேல் தூங்கலாம் என்ற நிலை வந்த பிறகுதான் உடம்பு விழுந்தது. பத்து மணி நேரம் தூங்கி எழுந்தாலும் தூங்காதவள் போலவே இருந்தேன். தலைக்குக் குளிக்கும்போது கையைத் தூக்கிவைத்திருக்க முடியாமல் பாதியில் உட்கார்ந்திருக்கிறேன்.

இப்போது மூன்று வருடம் ஆகிறது. நான் செய்தவற்றில் பலன் தந்தவற்றையும், என்னைத் திரும்பத் திரும்பக் கவிழ்த்த ஒரு தவறையும் இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒரே மூச்சில் இதைப் படிக்கக்கூட முடியாது என்பது எனக்குத் தெரியும். விட்டு விட்டுப் படியுங்கள்.

முதலில் டாக்டரிடம் போங்கள்

‘எல்லாம் மன அழுத்தம்தான்’ என்று நாமே முடிவு கட்டிவிட்டால், அதன் பின்னால் வேறொரு நோய் ஒளிந்துகொள்ளும். வாரக்கணக்கில் நீடிக்கும் களைப்புக்கு டாக்டர்கள் வழக்கமாகப் பார்ப்பவை: ரத்த அணுக்களின் எண்ணிக்கை, ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), தைராய்டு, சர்க்கரை, வைட்டமின் பி12, சிறுநீரகம், கல்லீரல். நீங்கள் எடுத்துக்கொள்ளும் மாத்திரைகளின் பட்டியலையும் கொண்டுபோங்கள், சில மாத்திரைகளே களைப்பைத் தரும். சத்தமாகக் குறட்டை விடுவதாகவோ, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதாகவோ வீட்டில் யாராவது சொல்லியிருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். காரணம் தெரியாமல் எடை குறைவது, விடாத காய்ச்சல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தால் நாள் தள்ளாதீர்கள்.

எனக்கு ஹீமோகுளோபின் சரியாக இருந்தது, ஃபெரிட்டின் குறைவாக இருந்தது. ரத்தசோகை வருவதற்கு முன்பே உடம்பின் இரும்புச் சேமிப்பு மட்டும் குறையலாம், அதுவேகூடக் களைப்பைத் தரலாம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டேன். படியேறும்போது மூச்சு வாங்குவது நின்றது. களைப்பில் பெரும்பகுதி அப்படியே இருந்தது. அதன் பிறகுதான் டாக்டரும் நானும் அந்த நான்கு வருடங்களைப் பற்றிப் பேசினோம்.

மனச்சோர்வு நோயையும் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். எனக்குச் செய்ய ஆசை இருந்தது, உடம்பு வரவில்லை. எதிலுமே ஆசை இல்லை, நாள் முழுக்க வெறுமை என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். இரண்டும் சேர்ந்தும் வரும். வாழ வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு இன்றே ஒருவரிடம் சொல்லுங்கள், டாக்டரைப் பாருங்கள்.

இன்னொன்று. சின்ன வேலை செய்தாலும் மறுநாளோ அதற்கடுத்த நாளோ மொத்த உடம்பும் படுத்துவிடுகிறது, இது ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கிறது என்றால், எம்இ/சிஎஃப்எஸ் (நாள்பட்ட களைப்பு நோய்) என்ற தனி நோயாக இருக்கலாம். அதற்கு ‘கொஞ்சம் கொஞ்சமாக உடற்பயிற்சியைக் கூட்டுங்கள்’ என்று முன்பு சொல்லிவந்தார்கள். மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021இல் அந்த அறிவுரையை விலக்கிக்கொண்டது. அந்த நோய் இருப்பவர்கள் கீழே நான் நடைப்பயிற்சி பற்றிச் சொல்வதைப் பின்பற்ற வேண்டாம்.

உடம்புக்குள் நடப்பது

அழுத்தத்தை ஆராய்ந்த ஹான்ஸ் செல்யே என்பவர் 1936இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு கடிதம் வெளியிட்டார். எலிகளைக் குளிருக்கும் காயத்துக்கும் மருந்துகளுக்கும் உட்படுத்தியபோது, துன்பம் எதுவானாலும் உடம்பு மூன்று கட்டமாக நடந்துகொண்டதை அதில் சொன்னார். முதலில் அபாய மணி. அடுத்து தாங்கும் கட்டம். அழுத்தம் நிற்காவிட்டால் கடைசியில் ஓய்ந்துபோகும் கட்டம். அந்த நடுக் கட்டம்தான் நம்மை ஏமாற்றுகிறது; வெளியிலிருந்து பார்த்தால் அது ஆரோக்கியம் மாதிரியே இருக்கும். ‘இவ்வளவையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்’ என்று என்னைக் கேட்டவர்கள் எல்லோரும் அந்தக் கட்டத்தில்தான் கேட்டார்கள்.

புரூஸ் மெக்யூவென் என்ற நரம்பியல் ஆய்வாளரும் எலியட் ஸ்டெல்லரும் 1993இல் இதையே தேய்மானமாகப் பார்த்தார்கள். நெருக்கடியில் இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் கார்டிசோல் என்ற ஹார்மோனும் ஏறுவது நம்மைக் காப்பாற்றத்தான். ஏறியது இறங்காமலே வருடக்கணக்கில் போனால் காப்பாற்றும் ஏற்பாடே உடம்பைத் தேய்க்கிறது. எனக்கு இந்த விளக்கம் பெரிய ஆறுதல். நான் சோம்பேறி ஆகிவிடவில்லை, என்னிடம் ஏதோ தேய்ந்திருக்கிறது என்று புரிந்தது.

கார்டிசோலைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி ஓய்ந்துவிட்டது என்று, இதற்கு ‘அட்ரினல் களைப்பு’ எனப் பெயர் சொல்லி மாத்திரை விற்பவர்களிடம் கவனமாக இருங்கள். நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்கள் அப்படி ஒரு நோயை ஏற்பதில்லை. 2016இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பும் அதற்குச் சான்று இல்லை என்றே முடித்தது. களைப்பு உண்மை, அந்தப் பெயர்தான் தவறு.

இரண்டு வாரம் எழுதி மட்டும் பாருங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு சின்ன நோட்டு வாங்கினேன். காலை 8, மதியம் 12, மாலை 4, இரவு 8 என்று நான்கு வேளை. ஒவ்வொரு வேளையும் தெம்பு எவ்வளவு என்று பத்துக்கு ஒரு எண், பக்கத்தில் அந்த நேரம் வரை செய்தது என்ன என்று ஐந்தாறு வார்த்தை. அவ்வளவுதான். அதற்கு மேல் எழுதினால் நோட்டே ஒரு வேலையாகிவிடும்.

இரண்டு வாரம் கழித்துப் புரட்டியபோது நான் நினைத்துக்கொண்டிருந்தது தவறு என்று தெரிந்தது. துணி துவைத்த நாளுக்கும் படியேறிய நாளுக்கும் மறுநாள் எண் பெரிதாகக் குறையவில்லை. அப்பாவின் வங்கிக் கணக்கை மூடுவதற்காகப் போனில் அலைக்கழிந்த நாட்களுக்கு மறுநாள்தான் 2, 3 என்று விழுந்தது. ஓய்வு என்று நினைத்துப் படுக்கையில் போனைத் தள்ளிக்கொண்டிருந்த நேரங்களுக்குப் பிறகு எண் ஒருமுறைகூட ஏறவில்லை. உங்கள் நோட்டு வேறு கதை சொல்லும். அது சொல்வதை நம்புங்கள்.

என்னைக் கவிழ்த்தவை நல்ல நாட்கள்

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான்.

ஆறாவது வாரத்தில் ஒருநாள் காலை எழுந்தபோது தலை தெளிவாக இருந்தது. நோட்டில் 7 என்று எழுதினேன். அந்த எண்ணை அதுவரை நான் எழுதியதே இல்லை. சந்தோஷத்தில் அப்பாவின் அறையைத் திறந்தேன். மாத்திரை அட்டைகள், ஆஸ்பத்திரி ஃபைல்கள், விரிப்புகள் என்று சாயங்காலம் வரை எடுத்து ஒழுங்குசெய்தேன். நான் பழைய ஆளாகிவிட்டேன் என்று நினைத்தேன். மறுநாள் லேசான தலைவலி மட்டும். மூன்றாம் நாள் எழுந்திருக்க முடியவில்லை. ஐந்து நாள் படுக்கை.

அடுத்த முறை தெம்பு வந்தபோது ஒரு பதிப்பகத்தின் அவசர வேலை, ஒரே மூச்சில் அறுபது பக்கம். திரும்பவும் அதே கதை. மூன்றாவது முறை விழுந்த பிறகுதான் நோட்டை எடுத்து எண்களைக் கோடாக வரைந்து பார்த்தேன். ரம்பத்தின் பல் மாதிரி இருந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் இரண்டு மூன்று நாள் முன்னால் ஒரு உச்சி. மோசமான நாட்களில் நான் சரியாகத்தான் நடந்துகொண்டிருந்தேன், வேறு வழியும் இல்லை. தெம்பு வந்த அன்றே முழுவதையும் செலவழித்துவிட்டதுதான் என் தவறு.

மாற்றிக்கொண்டது இப்படி. சுமாரான ஒரு நாளில், மறுநாள் பாதிப்பு இல்லாமல் எவ்வளவு செய்ய முடியும் என்று நோட்டிலிருந்து கண்டுபிடித்தேன். எனக்கு அது இரண்டு பக்க மெய்ப்பு, வீட்டில் ஒரு வேலை, ஆறு நிமிட நடை. இதுதான் ஒரு நாளின் அளவு. மோசமான நாளில் இதற்குக் குறைவாகச் செய்யலாம். நல்ல நாளில் இதற்கு மேல் செய்யக் கூடாது. 7 என்று எழுதிய நாளிலும் இரண்டு பக்கம்தான்.

மூளை நம்மிடம் ‘இன்னும் கொஞ்சம்’ என்று கேட்கும். அதனால் நிறுத்தும் முடிவை மணியிடம் விட்டேன். இருபது நிமிடத்துக்கு அலாரம். அடித்ததும் வாக்கியத்தின் நடுவிலேயே பென்சிலை வைத்துவிடுவேன். ‘இந்தப் பத்தியை மட்டும் முடித்துவிடலாம்’ என்பதற்கு இடமே கொடுக்கவில்லை, ஏனென்றால் அந்தப் பத்திக்குப் பிறகு இன்னொரு பத்தி வரும். நோட்டின் கடைசிப் பக்கங்களில் ‘மிச்சம்’ என்று தலைப்பிட்டு, செய்ய ஆசை வந்தும் செய்யாமல் விட்டதை எழுதிவைத்தேன். எழுதியதும் அது தலையில் சுற்றுவது குறைந்தது.

ஒரு வாரம் முழுக்க எண் 4க்குக் கீழே போகவில்லை என்றால் மட்டும் அளவைக் கூட்டினேன். அப்போதும் ஒரே ஒரு விஷயத்தில். இரண்டு பக்கம் இரண்டேகால் பக்கம் ஆனது. ஆறு நிமிடம் ஏழு ஆனது. இரண்டையும் ஒரே வாரத்தில் கூட்டவே இல்லை.

நிறுத்துவது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. முதல் சில வாரங்களில் அலாரம் அடித்து பென்சிலை வைத்ததும் கை நடுங்கும், அழுகை வரும். நான்கு வருடம் நான் நிறுத்தினால் அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற நிலையில் இருந்தேன். அப்பா போன பிறகும் அந்தப் பயம் உடம்பில் இருந்தது. உங்களுக்கும் அப்படி நேர்ந்தால் இரண்டு நிமிடம் அப்படியே உட்காருங்கள். நிறுத்தியும் ஒன்றும் ஆகவில்லை என்பதை உடம்பு ஒவ்வொரு நாளாகத்தான் நம்பும்.

ஓய்வும் தூக்கமும்

காலை 11, மாலை 4 என்று தினமும் இரண்டு முறை பத்து நிமிடம் படுப்பேன், களைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும். போன் வேறு அறையில் இருக்கும். நான்கு எண்ணும் வரை மூக்கால் மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுவது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். மூச்சு இப்படி மெதுவாகும்போது உடம்பை அமைதிப்படுத்தும் வேகஸ் நரம்பின் பிடி கூடுகிறது. தொடக்கத்தில் கண்ணை மூடினாலே எனக்குப் படபடப்பு வந்தது. அதனால் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தபடியே செய்தேன். எண்ணுவது தொந்தரவாக இருந்தால் எண்ணாமல், விடும் மூச்சை மட்டும் நீளமாக விடுங்கள்.

இரவில் என் பிரச்சினை 2 மணி. அப்பாவுக்குப் படுக்கைப் புண் வராமலிருக்க அந்த நேரத்தில் எழுந்து அவரைத் திருப்பிப் படுக்கவைப்பேன். அவர் போன பிறகும் சரியாக அதே நேரத்துக்கு விழித்துக்கொண்டிருந்தேன். மணி பார்ப்பதை முதலில் நிறுத்தினேன், கடிகாரத்தைச் சுவர் பக்கம் திருப்பிவிட்டேன். இருபது நிமிடம் போலத் தூக்கம் வராமல் கிடந்தால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, முன்பே படித்த புத்தகம் ஒன்றைப் படிப்பேன். கண் சொக்கினால் மட்டும் படுக்கைக்குத் திரும்புவேன்.

தூங்கிய நேரம் எவ்வளவானாலும் எழுவது 6.30 மணிக்கு, விடுமுறையிலும். எழுந்து அரை மணி நேரத்துக்குள் வெளியே வந்து வெளிச்சத்தில் நிற்பேன். விழித்த முதல் 30 முதல் 45 நிமிடத்தில் கார்டிசோல் இயல்பாகவே ஏறி நம்மை எழுப்புகிறது. நிலையான நேரமும் காலை வெளிச்சமும் உடம்பின் கடிகாரத்தை ஓரிடத்தில் நிறுத்திவைக்க உதவும். மதியம் 12க்குப் பிறகு காபி, டீயை விட்டேன். குடித்த காஃபீனில் பாதி, சுமார் ஐந்து மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் இருக்கும், சிலருக்கு அதற்கும் மேல். பகல் தூக்கம் தவிர்க்க முடியாத நாட்களில் 3 மணிக்கு முன் அரை மணி நேரத்துக்குள் முடித்துக்கொள்வேன்.

படுக்கும் முன் ஐந்து நிமிடம் மறுநாள் வேலைகளை எழுதிவைப்பதும் உதவியது. 2018இல் 57 இளைஞர்களை வைத்துச் செய்த ஒரு தூக்க ஆய்வில், அப்படி எழுதியவர்கள் முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். சின்ன ஆய்வுதான், ஆனால் என் அனுபவமும் அதுவே.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வேளை தவறாதீர்கள். மதுவைத் தூக்க மருந்தாக நினைக்காதீர்கள், பின்னிரவுத் தூக்கத்தை அது கெடுக்கும். நடை விஷயத்தில், பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். ஆறு நிமிடத்தில் தொடங்கிய எனக்கு அரை மணி நேரத்துக்கு வர எட்டு மாதம் ஆனது.

மற்றவர்களிடம் சொல்வது

“அக்கா, எல்லாம் முடிஞ்சிடுச்சே, இப்ப எதுக்குக் களைப்பு? நாலு நாள் எங்க வீட்டுல வந்து இரு, சரியாயிடும்” என்றான் தம்பி. அன்போடுதான் சொன்னான். எனக்குக் கோபம் வந்தது. பதில் சொல்லத் தெம்பில்லாமல் போனை வைத்துவிட்டேன். அடுத்த வாரம் அவன் வந்தபோது நோட்டை எடுத்துக் கையில் கொடுத்தேன். அரை மணி நேரம் புரட்டிக்கொண்டிருந்தான். “இந்த பேங்க் வேலைய இனிமே நான் பாத்துக்கறேன்க்கா” என்றான். என் எண்கள் முதன்முதலாக நிலைத்து நின்றது அதற்கடுத்த மாதம்தான்.

‘களைப்பாக இருக்கிறது’ என்று மட்டும் சொன்னால் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. ஒரு குறிப்பிட்ட வேலையைக் குறிப்பிட்ட காலத்துக்குக் கேளுங்கள். வேலை தருபவர்களிடம் நான் இப்படிச் சொன்னேன்: “மூன்று மாதத்துக்கு வாரம் பத்துப் பக்கம் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அவசர வேலை வேண்டாம். மூன்று மாதம் கழித்து நானே பேசுகிறேன்.” ஒரு பதிப்பகம் அதன் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. வலித்தது. மற்ற இரண்டும் காத்திருந்தன.

அழுத்தம் தரும் காரணம் இன்னும் முடியாதவர்களுக்கு, அதாவது இப்போதும் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும், ஆளை உறிஞ்சும் வேலையில் இருப்பவர்களுக்கும், மேலே சொன்னவை மட்டும் போதாது. சுமை குறையாமல் மூச்சுப் பயிற்சி மட்டும் செய்வது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிரப்புகிற வேலை. உலக சுகாதார அமைப்பின் ஐசிடி-11 என்ற நோய்ப் பட்டியல் 2022இல் நடைமுறைக்கு வந்தது. வேலையில் எரிந்துபோவதை (‘பர்ன்அவுட்’) அது தனிமனிதரின் நோயாகச் சொல்லவில்லை. சமாளிக்கப்படாத வேலை அழுத்தத்தின் விளைவு என்றே சொல்கிறது. ஸ்வீடனிலோ 2005இல் ‘ஓய்ந்துபோதல் நோய்’ என்று தனிப் பெயரையே மருத்துவப் பட்டியலில் சேர்த்தார்கள், குறைந்தது ஆறு மாத அழுத்தம் அதற்கான நிபந்தனைகளில் ஒன்று. நோட்டில் எண்ணை அதிகம் இறக்கும் ஒரே ஒரு சுமையைக் கண்டுபிடித்து, அதை வாரத்தில் இரண்டு மணி நேரமாவது வேறு கைக்கு மாற்றுங்கள். நான் பார்த்துக்கொண்ட காலத்தில் அந்த இரண்டு மணி நேரத்தைக் கேட்கவே இல்லை. கேட்டிருக்க வேண்டும்.

எவ்வளவு காலம்

மாதக் கணக்கில் யோசியுங்கள். முதல் மூன்று மாதம் எனக்கு எதுவும் மாறியதாகத் தெரியவில்லை, பள்ளங்களின் ஆழம் குறைந்திருந்ததை நோட்டைப் பார்த்துத்தான் அறிந்தேன். ஐந்தாம் மாதம் ண, ன குழப்பம் போனது. ஒரு வருட முடிவில் பழைய வேலையில் பாதி. இப்போது ஒரு நாளைக்குப் பதினான்கு பக்கம் பார்க்கிறேன், முன்பு இருபத்தைந்து பார்த்தவள். பதினான்கிலேயே நின்றுவிட முடிவு செய்திருக்கிறேன். நெருக்கடி வந்தால் மற்றவர்களைவிடச் சீக்கிரம் களைத்துப்போகிறேன், அது இன்னும் போகவில்லை.

இன்னமும் வருடத்தில் ஒன்றிரண்டு முறை விழுகிறேன். விழுந்த அன்று மூளை வேலை செய்யாது, இனி மீளவே மாட்டோம் என்று தோன்றும். அதனால் நல்ல நாள் ஒன்றில் நோட்டின் உள்ளட்டையில் எனக்கு நானே எழுதி ஒட்டிவைத்திருக்கிறேன், நீங்களும் உங்களுக்கானதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது இது:

“மூன்று நாளைக்கு எல்லாம் பாதி அளவு. நடை மூன்று நிமிடம். எழுவது 6.30க்கே. காரணம் தேடுவது நாலாம் நாள். இதற்கு முன் இதுபோல ஏழு முறை விழுந்திருக்கிறாய், ஏழு முறையும் பத்து நாளுக்குள் எழுந்திருக்கிறாய். தம்பிக்கு போன் செய். இன்று முடியவில்லை என்று மட்டும் சொல், அவன் வருவான்.”